ஹரிகேன் சேதத்தை டாலர் கணக்கில் மட்டும் ஒப்பிடலாமா?

கடல்காகம்:
கல்லூரி பிராஜெக்ட்டுக்காக அட்லாண்டிக் ஹரிகேன் புயல்களின் சேதப் பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன். கத்ரீனா (2005) 125 பில்லியன் டாலர், ஹார்வி (2017) அதே 125 பில்லியன், இயன் (2022) 110 பில்லியனுக்கு மேல். மேலே இருப்பதெல்லாம் அமெரிக்காதான். 11,000 பேருக்கு மேல் பலிவாங்கிய மிட்ச் (1998) எங்கோ அடியில் கிடக்கிறது, ஹோண்டுராஸின் சேதம் 4 பில்லியன்கூடத் தொடவில்லை. இப்படியே வரிசைப்படுத்தினால் மத்திய அமெரிக்காவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நியாயமாக ஒப்பிட என்ன வழி?

திண்ணை:
நாட்டின் ஜிடிபியோடு வைத்துப் பாருங்கள், பட்டியல் தலைகீழாகிவிடும். 2017-இல் மரியா ஹரிகேன் கரீபியன் தீவு நாடான டொமினிகாவை அடித்தபோது கணக்கிட்ட தொகை சுமார் 1.3 பில்லியன் டாலர்தான், ஆனால் அது அந்த நாட்டின் ஜிடிபியில் 226 சதவீதம். மொத்தமே 70,000 பேர் வாழும் தீவு. கிரெனடாவும் அப்படித்தான், 2004-இல் ஐவன் வந்து பத்தில் ஒன்பது வீடுகளைச் சேதப்படுத்தியது, ஜாதிக்காய் மரங்களை வேரோடு சாய்த்தது. உலக ஜாதிக்காய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு அது. கூரையை ஒரு வருடத்தில் மாற்றிவிடலாம், ஆனால் ஜாதிக்காய்க் கன்று காய்க்கவே ஏழெட்டு வருடம் ஆகுமே, அதுவரை அந்த விவசாயி எதை விற்பார்? டாலர் பட்டியலில் இது தெரியவே தெரியாது.

பாயூ_ஓரம்:
யார் கையிலிருந்து பணம் போகிறது என்பதையும் சேருங்கள். நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். ஹார்வியின்போது எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதிச் சுவர் உயரத்துக்கு ஷீட்ராக்கை (ஜிப்சம் சுவர்ப்பலகை) வெட்டியெடுத்து வாசலில் குவித்திருந்தார்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்குச் செல்லாது, அதற்குத் தனி பாலிசி வேண்டும், அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு உச்சவரம்பே 2,50,000 டாலர்தான். வெள்ள அபாயப் பகுதி இல்லை என்பதால் பலர் அதை எடுக்கவே இல்லை. காற்றுச் சேதத்திலும் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாமே ஏற்கும் தொகை) சதவீதத்தில் வரும்: 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் என்றால் முதல் 20,000 நம் பாக்கெட்டிலிருந்து. அமெரிக்கா என்றாலே எல்லாம் இன்சூரன்ஸில் திரும்பி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதே சமயம் டொமினிகாவோடு ஒப்பிட்டால் நாங்கள் எவ்வளவோ தேவலை. கரீபியன் நாடுகள் கூட்டாக வைத்திருக்கும் பேரிடர் காப்பீட்டு நிதியிலிருந்து மரியாவுக்காக அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 19 மில்லியன். சீக்கிரம் வந்த பணம்தான், ஆனால் 1.3 பில்லியனுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

நெய்தல்:
திண்ணை சொல்வது தீவு நாடுகளுக்குச் சரி, பெரிய நாட்டுக்கு அதே அளவுகோலை வைத்தால் அநியாயமாகிவிடும். கத்ரீனா சேதம் அமெரிக்க ஜிடிபியில் ஏறக்குறைய 1 சதவீதம், அதை வைத்து லேசான அடி என்று சொல்ல முடியுமா? அது அடித்த நியூ ஆர்லியன்ஸில் 2000 கணக்கெடுப்பில் 4,84,000 பேர் இருந்தார்கள், 2010-இல் 3,43,000 பேர். ஊரே சுருங்கிவிட்டது. அதனால் அமெரிக்காவுக்கு மாநிலம் அல்லது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் எடுங்கள், அதுதான் கரீபியன் தீவோடு நிற்கும். அப்புறம் பழைய புயல்களுக்குப் பணவீக்கத்தைச் சரிசெய்ய மறக்காதீர்கள், ஆண்ட்ரூவின் (1992) 27 பில்லியன் என்பது அன்றைய டாலரில் சொன்னது. அதோடு அன்றைக்கு இருந்ததைவிட இப்போது ஆண்ட்ரூ அடித்த ஃபுளோரிடா கடற்கரையில் வீடுகள் பல மடங்கு, அதே புயல் அதே இடத்தில் மறுபடி வந்தால் பில் எங்கேயோ போய்விடும்.

கடல்காகம்:
நன்றி, மிகவும் உபயோகமாக இருந்தது. டாலர், ஜிடிபி பங்கு, இன்சூரன்ஸ் திருப்பித் தந்த பங்கு என்று அட்டவணையில் மூன்று பத்தி வைக்கப் போகிறேன். கத்ரீனாவுக்கு 125, டொமினிகாவுக்கு 1.3 என்று அப்படியே போடலாம்தானே?

நெய்தல்:
போடாதீர்கள். அமெரிக்க ஹரிகேன் மையம் சொல்லும் தொகையில் பெரும்பகுதி நேரடிச் சேதம், அதாவது வீடு, சாலை, மின்கம்பம் மாதிரி; வியாபாரம் நின்ற இழப்பு, பயிர் இழப்பு போன்றவையும் ஓரளவு சேர்ந்திருக்கும். டொமினிகாவின் 1.3 பில்லியனில் அறுவடை போனது, சுற்றுலா நின்றது போன்ற வருமான இழப்பும் சேர்ந்திருக்கிறது. நேரடிச் சேதம் மட்டும் சுமார் 931 மில்லியன், துல்லியமாகப் பொருந்தாது என்ற குறிப்போடு கத்ரீனா பக்கத்தில் அதை வையுங்கள். மீதி 380 மில்லியன் சொச்சத்தைத் தனிப் பத்தியில் காட்டிவிடுங்கள், அதை விட்டுவிட்டால் டொமினிகா விவசாயிகளின் கணக்கு காணாமல் போய்விடும்.