கிரேக்க வினை: 20 நாள் தங்கியது அயோரிஸ்ட், அழுதது இம்பெர்ஃபெக்ட். இது எப்படி?

நெடுவழி:
வணக்கம். பண்டைக் கிரேக்கத்தை ஆசிரியர் இல்லாமல் படித்து வருகிறேன். கிரேக்கச் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தோராயமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

கிரேக்க எழுத்தாளர் க்செனொபோன் ஒரு படையெடுப்பைப் பற்றி எழுதிய அனபாஸிஸ், முதல் புத்தகம், மூன்றாம் அத்தியாயத்தின் முதல் சில வரிகளிலேயே மாட்டிக்கொண்டேன். கி.மு. 401. பாரசீக இளவரசன் இளைய சைரஸின் படை தார்சுஸ் நகரத்தில் நிற்கிறது. பாரசீக மன்னனை எதிர்க்கத்தான் தங்களைக் கூட்டிப்போகிறார்கள் என்று கிரேக்கக் கூலிப்படையினருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இனிமேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டோம் என்கிறார்கள்.

கிரேக்கத்தில் கடந்ததைச் சொல்ல அயோரிஸ்ட், இம்பெர்ஃபெக்ட் என்று இரண்டு வினைவடிவங்கள் உண்டு. என் பாடநூல் சொல்வது இதுதான்: அயோரிஸ்ட் என்றால் சட்டென்று நடந்து முடிந்த செயல், இம்பெர்ஃபெக்ட் என்றால் நீண்டுகொண்டே போன செயல். இங்கேயோ சைரஸும் படையும் 20 நாள் தங்கியதற்கு 'எமெய்னென்' என்று அயோரிஸ்ட். தளபதி கிளெயார்கொஸ் படைவீரர்கள் முன் நின்று அழுததற்கு 'எதக்ரூயெ' என்று இம்பெர்ஃபெக்ட். 20 நாளைவிட அழுகை நீளமா?

இன்னொன்றும் இருக்கிறது. அவர் வீரர்களை நடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதற்கு 'எபியாஸெதொ', அதுவும் இம்பெர்ஃபெக்ட். ஆனால் ஒருவரும் நடக்கவில்லை, திருப்பிக் கல்லால் அடித்தார்கள். நடக்காத ஒன்று எப்படி நீண்டுகொண்டே போகும்? யாராவது தெளிவாக்குங்கள்.

சுருக்குவழி:
ரொம்ப யோசிக்காதீங்க. இம்பெர்ஃபெக்டுக்குக் 'கொண்டிருந்தான்' போடுங்க, அயோரிஸ்டுக்குச் சாதாரண இறந்தகாலம் போடுங்க. தேர்வுக்கு அது போதும்.

பழைய ஏடு:
அது பாதி தூரம்தான் வரும். 'அழுதுகொண்டிருந்தார்' சரியாக உட்கார்ந்துவிடும். 'கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தார்' என்றால் கதையே மாறிப்போகும்.

நெடுவழி, உங்கள் பாடநூல் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறது. செயல் தன் இயல்பில் எப்படிப்பட்டது (நிலையா, முடிவை நோக்கிப் போவதா, கணத்தில் நிகழ்வதா) என்பது ஒன்று. அது செயல்வகை. சொல்பவர் அந்தச் செயலை எங்கிருந்து பார்க்கிறார் என்பது இன்னொன்று. அதுதான் ஆஸ்பெக்ட், தமிழில் நோக்கு என்று வைத்துக்கொள்வோம். வினையடி காட்டுவது நோக்கை மட்டும்தான். எவ்வளவு நேரம் ஆனது என்று அது சொல்லவே சொல்லாது.

அயோரிஸ்ட், செயலைத் தொடக்கத்தோடும் முடிவோடும் சேர்த்து ஒரே முழுமையாகக் காட்டும். 20 நாள் என்று கணக்குச் சொன்னதுமே தங்கலுக்கு இரண்டு பக்கமும் எல்லை விழுந்துவிட்டது, அதனால் எமெய்னென். இதே ஆசிரியர் கெலாய்னை நகரத்தில் சைரஸ் 30 நாள் தங்கியதையும் இதே அயோரிஸ்டில்தான் எழுதுகிறார். வரலாற்றாசிரியர் ஹெரோதொதஸ், லிதிய அரசன் ஆர்திஸ் 49 ஆண்டு ஆண்டதைச் சொல்லும்போது போடுவதும் அயோரிஸ்ட் எச்சவினைதான். சட்டென்று முடிந்த ஆட்சியா அது?

இம்பெர்ஃபெக்ட் நம்மைச் செயலுக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தும், முடிவைக் காட்டாது. கிளெயார்கொஸ் நின்றபடி நெடுநேரம் அழுகிறார். வீரர்கள் அதைப் பார்த்து வியக்கிறார்கள், பேசாமல் இருக்கிறார்கள் (எதவ்மஸொன், எசியோபோன்). மூன்றுமே இம்பெர்ஃபெக்ட். கதை அங்கே நகராமல் நிற்கிறது. அப்புறம் 'எலெக்செ', பேசினார் என்று அயோரிஸ்ட் வந்ததும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. மனுஷன் அழுதே காரியம் சாதிக்கிறார், அதற்கு மேடை போடத்தான் இந்த மூன்று வினைகளும்.

எபியாஸெதொவும் அப்படித்தான். கட்டாயப்படுத்துதல் பணிய வைப்பதில் போய் முடிய வேண்டிய செயல். இம்பெர்ஃபெக்ட் அதை நடுவழியில் காட்டுவதால் 'கட்டாயப்படுத்திப் பார்த்தார்' என்று பொருள் வருகிறது. கொஞ்சம் கீழே அதே வினை மறுபடி வருவதைப் பாருங்கள். கட்டாயப்படுத்த முடியாது என்று உணர்ந்தபோது கூட்டத்தைக் கூட்டினார் என்ற இடத்தில் 'பியாசஸ்தை', இந்தமுறை அயோரிஸ்ட். செய்து பார்த்தது இம்பெர்ஃபெக்ட், செய்து முடிக்க முடியாதது அயோரிஸ்ட். பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நெடுவழி:
மிக்க நன்றி சார். எபியாஸெதொ இப்போது புரிகிறது. ஆனால் தமிழில் 'கட்டாயப்படுத்தினார், அவர்கள் மசியவில்லை' என்று சாதாரண இறந்தகாலத்திலேயே சொல்கிறோமே. அப்படியானால் நம் இறந்தகாலம் அயோரிஸ்ட் இல்லையா?

பழைய ஏடு:
நல்ல கேள்வி. இல்லை. 'எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை' என்று நாம் கூசாமல் சொல்வோம். நம் இறந்தகாலம் முயற்சியோடு நின்றுவிடலாம், பலன் கிடைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிரேக்கத்தில் 'எபெய்செ' (அயோரிஸ்ட்) என்றால் பேசி இணங்க வைத்தாயிற்று, பிறகு அவர் இணங்கவில்லை என்று ஒட்ட முடியாது. இணங்காத கதைக்கு 'எபெய்தெ' என்ற இம்பெர்ஃபெக்ட்தான் வரும். அதனால்தான் தமிழ் இறந்தகாலம் = அயோரிஸ்ட் என்ற சமன்பாடு வேண்டாம் என்கிறேன்.

மாற்கு வாசகன்:
புதிய ஏற்பாட்டிலும் இதற்கு நல்ல சோடி உண்டு. மாற்கு 15:23இல் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்ததற்கு 'எதிதூன்', இம்பெர்ஃபெக்ட். இயேசு அதை வாங்கவில்லை. மத்தேயு 27:34இல் 'எதோகன்', அயோரிஸ்ட். அங்கே அவர் ருசி பார்த்த பிறகுதான் குடிக்க மறுக்கிறார். முதலாவது நீட்டினார்கள், இரண்டாவது கொடுத்தார்கள். இறந்தகாலத்துக்கு வெளியே போனாலும் நோக்கு கூடவே வரும். அன்றாட அப்பத்துக்கான வேண்டுதலில், மத்தேயுவில் 'இன்று' என்பதோடு அயோரிஸ்ட் ஏவல் 'தொஸ்', லூக்காவில் 'நாள்தோறும்' என்பதோடு நிகழ்கால அடி (இம்பெர்ஃபெக்டுக்கும் அதே அடிதான்) ஏவல் 'திதூ'.

நெடுவழி:
அருமை, பிரதர். பழைய ஏடு சாரிடம் இன்னும் ஒன்று. மேலே 'உணர்ந்தபோது' என்றீர்களே, அது 'எக்னோ'. அறிதல் வினையின் அயோரிஸ்ட். அறிந்திருந்தார் என்று ஏன் எடுக்கக்கூடாது? அதேபோல எமெய்னென் ஏன் 'தங்கத் தொடங்கினார்' ஆகாது?

பழைய ஏடு:
இங்கேதான் செயல்வகை வேலை செய்கிறது. நிலையைக் குறிக்கும் வினைக்குத் தனக்கென்று ஒரு முடிவு கிடையாது. அதை அயோரிஸ்டில் போட்டால் பெரும்பாலும் அந்த நிலைக்குள் நுழைந்த கணம்தான் கண்ணில் படும். அரசாளும் வினை 'எபசிலெவ்செ' ஆனால் அரசரானார், நோயுற்றிருக்கும் வினை 'எனோசேசெ' ஆனால் நோயில் விழுந்தார். எக்னோவும் அப்படியே, உணர்ந்தார். ஆனால் பக்கத்தில் 20 நாள், 49 ஆண்டு என்று அளவு வந்தால் நுழைவுக்கு இடமில்லை, மொத்தமும் ஒரே பிடியாக வந்துவிடும். ஆக வடிவம், வினையின் இயல்பு, பக்கத்தில் நிற்கும் சொற்கள் என மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் பொருள் எடுக்க வேண்டும்.

செயல்வகைப் பிரிவுக்கு முன்னோடி அரிஸ்டாட்டில்தான். ஒருவன் பார்க்கிறான் என்றால் அதே நேரத்தில் பார்த்தும் விட்டான், வீடு கட்டுகிறான் என்றால் கட்டியாயிற்று என்று சொல்ல முடியாது என்கிறார் மெட்டாஃபிசிக்ஸ் என்ற நூலில். 1957இல் தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் வினைகளை நான்கு வகையாகப் பிரித்ததிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இலக்கணங்கள் 'அக்ட்சியோன்ஸார்ட்' என்ற ஒரே பெயருக்குள் நோக்கையும் செயல்வகையையும் போட்டு வைத்தன. போலிஷ் வினைகளை ஆராய்ந்த சிகுர்ட் அக்ரெல் 1908இல் இரண்டையும் பிரித்தார். உங்கள் பாடநூலின் 'சட்டென்று முடிந்த செயல்' அந்தப் பழைய குழப்பத்தின் மிச்சம்.

சுருக்குவழி:
சரி, ஒத்துக்கறேன். பெர்ஃபெக்டையும் சொல்லிடுங்க சார்.

பழைய ஏடு:
அதுவும் அதே வரியில் இருக்கிறது. அழுதார் என்பதோடு 'ஹெஸ்தோஸ்' வருகிறதே, அது பெர்ஃபெக்ட் எச்சம். பெர்ஃபெக்ட் என்பது செயல் முடிந்ததால் வந்த நிலையைக் காட்டும் வடிவம். எழுந்து நின்றதால் வந்த நிலை, அதாவது நின்றபடி. 'அபெத்னேஸ்கெ' சாகும் தறுவாயில் இருந்தார், 'அபெதனெ' இறந்தார், 'தெத்னேகெ' இறந்துபோன நிலையில் இருக்கிறார். இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

நெடுவழி:
அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். கல்லெறிந்தது 'எபல்லொன்', இம்பெர்ஃபெக்ட், அதாவது மேலும் மேலும் எறிந்தார்கள். கல்லடிபட்டுச் சாகாமல் மயிரிழையில் தப்பியது 'எக்ஸெஃபுகெ', அயோரிஸ்ட். சரிதானே? முந்தைய அத்தியாயத்தில் படை நடக்கும்போதெல்லாம் 'எக்செலவ்னெய்' என்று நிகழ்காலம் வருகிறதே, அதுவும் நோக்குதானா?

பழைய ஏடு:
எபல்லொன், எக்ஸெஃபுகெ இரண்டும் சரி. எக்செலவ்னெய் கதை சொல்லும் நிகழ்காலம், அதாவது நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வது. அதை நோக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதற்குத் தனி இழை போடுங்கள், இரண்டாம் அத்தியாயத்து வரிகளையும் சேர்த்து.