எண்ணுவகையும் இனங்காணலும்: ஒரு சொல்லாக்க முன்மொழிவு

அன்புடையீர்,

பொருள்நோக்கு நிரலாக்கத்தில், பயனர் தட்டெழுதிய ஒரு சரத்தை (string, அதாவது எழுத்துத் தொடரை), முன்கூட்டியே வரையறுத்துவைத்த சில மதிப்புகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளும் செயலுக்குச் ‘சரமாற்றம்’ என்ற சொல்லே போதும் என்று நண்பர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த மதிப்புத் தொகுதிக்கே பெயர் வேண்டும். ஜாவா என்ற நிரல்மொழியில் 2004-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலிருந்து மொழிக்குள்ளேயே இடம்பெற்றிருக்கும் ‘enum’ என்ற இந்த வகையை ஒலிபெயர்த்து எழுதினால் ‘ஈனம்’ என்றாகி, இழிவைக் குறிக்கும் சொல்லாகப் படிக்கப்படும். ‘எண்வகை’ என்றால் எண்வகை மெய்ப்பாடு என்பதுபோல எட்டு வகை என்றே தமிழ் படித்தவர் பொருள்கொள்வார். ஆகவே ‘எண்ணுவகை’ என்று முன்மொழிகிறேன். குறுவையும் சம்பாவும் தாளடியும் கோடையும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அடுக்கும்போது வரும் ‘உம்’மை நம் இலக்கணம் எண்ணும்மை என்கிறது, எண்ணுதல் என்பதற்கு இப்படிப் பெயர் சொல்லி நிரல்படுத்துதல் என்ற பொருள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொன்றையும் ‘எண்ணுமதிப்பு’ எனலாம். ‘உறுப்பு’ என்ற சொல்லை வகுப்பின் (class) உறுப்புகளுக்கு (members) ஏற்கெனவே வழங்கிவருவதால் அதைத் தவிர்த்திருக்கிறேன்.

இனி, செயலுக்கு வருகிறேன். மன்னார்குடிப் பக்கத்தில் உழவர் குழு ஒன்றின் நெல் பதிவேட்டுக்கு நான் எழுதிய செயலியில் பருவம் என்பது ஓர் எண்ணுவகை. மேலே சொன்ன நான்குமே அதன் மதிப்புகள். பதிவாளர் ‘தாளடி’ என்று தட்டினால், அந்தச் சரம் உருமாறித் தாளடி ஆவதில்லை. செயலி தன்னிடமுள்ள நான்கு பெயர்களோடு அதை ஒப்பிட்டு, எது என்று தெரிந்துகொண்டு, ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே எடுத்துத் தருகிறது. ‘12’ என்ற சரத்தை எண்ணாக்குவது மாற்றம்தான், ஏனென்றால் அங்கே இலக்கங்களிலிருந்து மதிப்பு கணிக்கப்படுகிறது. இங்கே கணிப்பு ஏதும் இல்லை. நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து இன்ன ரகம் என்று சொல்வது போன்ற செயல்தான் நடக்கிறது. அதற்கு ‘இனங்காணல்’ என்பதே பொருந்திய சொல்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லளவில் நிற்பதன்று. சென்ற ஆண்டு ‘கோடை’ என்ற பதிவுகளில் சில ஏற்கப்பட, சில மறுக்கப்பட்டன. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியீடுகளை விரித்துப் பார்த்தபோது, ஒன்றில் ஓகாரக் குறி ஒற்றைக் குறியீடாக இருக்க, மற்றதில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. முன்னது நான்கு குறியீடுகள், பின்னது ஐந்து. ஜாவா இதில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தால்கூட ஏற்க மறுத்து விதிவிலக்கை (exception, அதாவது பிழை அறிவிப்பை) எறிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுவோர் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டுக்காகக் கவலைப்படுகிறார்கள். நமக்கோ ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறி இயல்பாக்கம்தான் (Unicode normalization) முதல் தேவை. ‘மாற்றம்’ என்று பெயரிட்டிருந்தால் சரத்தை உள்ளே தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவோம். ‘இனங்காணல்’ என்றாலோ, காண்பதற்கு முன் எதைத் துடைத்துச் சீராக்க வேண்டும் என்ற கேள்வி தானே எழும்.

சி ஷார்ப் (C#) என்ற மற்றொரு நிரல்மொழியில் விதிவிலக்கு எறியாமல் முயன்று பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கும் வடிவமும் உண்டு. அதை ‘இனங்காண முயலல்’ எனலாம். அங்கே ‘7’ என்ற சரத்தைக் கொடுத்தால், அப்படி ஒரு மதிப்பே வரையறுக்கப்படாதபோதும், ஆம் என்றே விடை வரும் என்பதால், வரையறைக்குள் இருக்கிறதா என்று தனியே சரிபார்ப்பது கட்டாயம். அந்தச் சரிபார்ப்புக்கு ‘வரம்பறிதல்’ என்று குறித்துவைத்திருக்கிறேன். ஆனால் வரம்பு என்பது தொடர்ச்சியான எல்லையைக் குறித்துவிடுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-க்குப் பின் குறுவைப் பதிவு தொடங்கிவிடும். அதற்கு முன்பே செயலியின் பிழைச் செய்திகளையும் பதிவாளர்களுக்கான கையேட்டையும் இந்தச் சொற்களில் எழுதி முடிக்க எண்ணியிருக்கிறேன். மறுப்பு இருப்பின் மே மாத இறுதிக்குள் எழுதுமாறு வேண்டுகிறேன்.