நடவு நாளில் ஜெபமும் வேத வாசிப்பும் விடுபடாமல் இருக்க என்ன வழி?

வெண்ணாறு (நீடாமங்கலம் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள். (ஊரில் மார்மன் சபை என்றால்தான் தெரிகிறது.) மாமியார் வீட்டில் மற்றவர்கள் இந்துக்கள். தடுப்பதில்லை, ஆனால் வீட்டில் தனி அறை கிடையாது. சம்பா நடவு தொடங்கினால் காலை ஆறு மணிக்கு வயலில் இருக்க வேண்டும்.

என் கேள்விகள்:

காலை, இரவு ஜெபம் ஒரே பாடமாக ஆகிவிட்டது. பைபிளோடு எங்கள் சபை வேதமாகப் படிக்கும் மார்மன் புஸ்தகத்தைத் தினமும் ஒரு அதிகாரம் என்று தொடங்கினேன், அதன் 2 நேபி என்ற பகுதியில் ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தைகள் வரும் இடத்தில் நின்றுவிட்டது. சபை தூரம், எல்லா ஞாயிறும் போக முடியாது. திருவிருந்தின் அப்பமும் தண்ணீரும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாமா? கடைசியாக, சபையில் விடச் சொல்கிற காபி. காலையில் அது இல்லாவிட்டால் தலை பிளக்கிறது, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

அரசலாறு எழுதியது:

சகோதரி, வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன். ஜெபம் பாடமாகிப் போவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மார்மன் புஸ்தகத்தில் 239 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் எட்டு மாதத்தில் முடியும். கணக்கு சரி, ஆனால் எல்லா அதிகாரமும் ஒரே நீளமில்லை. நடவு நாளில் நீளமான அதிகாரம் வந்தால் கண் வரிமேல் ஓடும், மனம் நாற்றங்காலில் இருக்கும். அதிகாரக் கணக்கை விடுங்கள். நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் பதினைந்து நிமிஷம் போதும்.

முதல் இரண்டு நிமிஷம் ஜெபம். அதில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும், உண்மையிலேயே பதில் தேவைப்படுகிற கேள்வியாக. "கொத்தனாரிடம் வாங்கிய கடனை எப்படிப் பேசித் தீர்ப்பது?" என்பதுகூட கேள்விதான். பிறகு பத்துப் பன்னிரண்டு வசனம், அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு. ஒரு வசனம் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள், மேலே போக வேண்டாம். கடைசி இரண்டு நிமிஷம் நோட்டில் ஒரே வரி: இன்று என்ன செய்யப்போகிறேன். இந்த வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் இரவு ஜெபத்தில் பேச ஒன்றும் இருக்காது, "எங்களைக் காத்தீர், ஸ்தோத்திரம்" என்று பழைய பாடமே வரும். எழுதி வைத்திருந்தால் இரவில் கணக்கு ஒப்புவிக்கலாம்: காலையில் கேட்டேன், இதைச் செய்தேன், இது நடக்கவில்லை.

ஜெபத்துக்கு இந்தச் சபையில் மனப்பாட வாசகம் கிடையாது. பரலோக பிதாவை அழைத்து, நன்றி சொல்லி, வேண்டியதைக் கேட்டு, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஆமென் என்று முடிப்பது மட்டுமே வடிவம். மார்மன் புஸ்தகத்தின் ஆல்மா பகுதியில் 31-ஆம் அதிகாரத்தை ஒருமுறை படியுங்கள். சோரமியர் என்ற கூட்டத்தார் வாரம் ஒருநாள் உயரமான மேடையில் ஏறி ஆளுக்கு ஆள் அதே ஜெபத்தைச் சொல்கிறார்கள். இறங்கிப் போனபின் அடுத்த வாரம் வரை கடவுள் பேச்சே இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு அந்த அதிகாரம் நேரான பதில்.

தனி அறை இல்லையே என்று வருந்த வேண்டாம். ஆல்மா 34:17 முதல் 27 வரை வயல், ஆடுமாடு, வீடு, பயிர் எல்லாவற்றுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. காலை, மதியம், மாலை என்று நேரமும் சொல்கிறது. 27-ஆம் வசனம் வாய்விட்டுக் கூப்பிடாத நேரத்திலும் இருதயம் ஜெபத்தில் இருக்கலாம் என்கிறது. குனிந்து நாற்று நடும்போது வேறென்ன வேண்டும்? ஆனால் 28-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுச் செய்கிற ஜெபம் வீண் என்று கறாராகச் சொல்லிவிடுகிறது.

இனி ஏசாயா. 2 நேபி 12 முதல் 24 வரை ஏசாயா 2 முதல் 14 வரை உள்ளதுதான், சில வேறுபாடுகளுடன். புதிதாகப் படிப்பவர்கள் நிற்பதே அங்கேதான். 25-ஆம் அதிகாரத்துக்குத் தாண்டிவிடுங்கள். அங்கே அந்தப் பகுதியை எழுதிய நேபியே தன் சொந்த வார்த்தையில் தெளிவாகப் பேசுகிறான். பிறகு 31, 32, 33. விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி, முடிவுவரை நிலைத்திருப்பது எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. புதிய அங்கத்தினருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஏசாயாவுக்கு அறுவடை முடிந்து தை மாதம் திரும்பி வரலாம், தாண்டியது குற்றமில்லை.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு படிக்காதீர்கள். பாக்கி ஏற ஏற மொத்தமாக விட்டுவிடத் தோன்றும்.

போனில் சபையின் சுவிசேஷ நூலகம் (Gospel Library) செயலி இருந்தால் வேதங்களைத் தமிழில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், வயல்வெளியில் சிக்னலை நம்ப முடியாது. கணக்கில் உள்நுழைந்த பிறகு வசனங்களைக் குறியுங்கள். அப்போதுதான் போன் மாறினாலும் குறிப்புகள் கூட வரும்.

கடைமடை எழுதியது:

திருவிருந்து பற்றி மட்டும் சொல்கிறேன், இதில் தவறான யோசனை சொல்பவர்கள் அதிகம்.

நீங்களாக வீட்டில் எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் சபைக்குப் பொறுப்பான பிஷப் அல்லது கிளைத் தலைவர் அனுமதி தர வேண்டும். அதற்குரிய ஆசாரியத்துவம் பெற்றவர் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்க வேண்டும். கணவர் அப்படி நியமிக்கப்பட்டிருந்தாலும் அனுமதி தனியாகத் தேவை. தலைவரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள்: எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வர முடியும், எந்தப் பஸ், எவ்வளவு செலவு. விவரமாகச் சொன்னால்தான் அவரும் ஏற்பாடு யோசிக்க முடியும்.

போக முடியாத ஞாயிறுகளில் மார்மன் புஸ்தகத்தின் கடைசிப் பகுதியான மரோனியில் 4-ம் 5-ம் அதிகாரம் எடுத்துப் படியுங்கள். திருவிருந்து ஜெபங்கள் அங்கே இருக்கின்றன, திராட்சரசம் என்று வரும் இடத்தில் மட்டும் இப்போது தண்ணீர் என்று சொல்கிறோம். சபையில் ஒரு வார்த்தை பிசகினாலும் திரும்பச் சொல்ல வைப்பார்கள், அவ்வளவு கவனம். அப்பத்தின் ஜெபத்தில் மூன்று வாக்குகள்: குமாரனின் நாமத்தைத் தரித்துக்கொள்ள மனதாயிருப்பது, அவரை எப்போதும் நினைப்பது, அவர் கட்டளைகளைக் கைக்கொள்வது. பதிலுக்கு அவருடைய ஆவி எப்போதும் கூட இருக்கும் என்ற வாக்குத்தத்தம். அரசலாறு சொன்ன அந்த ஒருவரி நோட்டை ஞாயிறன்று இந்த மூன்றுக்கும் நேராக வைத்துப் பாருங்கள். தினசரி பக்தி வாரத்தோடு சேருகிற இடம் இதுதான். இது இல்லாமல் வெறும் வாசிப்பு பள்ளிக்கூடப் படிப்பாகிவிடும்.

2019 ஜனவரியிலிருந்து ஞாயிறு கூட்டம் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்ததே வீட்டில் படிப்பதற்காகத்தான். "என்னைப் பின்பற்றி வாருங்கள்" பாடம் வாராவாரம் உண்டு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, மார்மன் புஸ்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும் (சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் காலத்து வெளிப்படுத்தல்களின் தொகுப்பு) என்று நான்கு வருஷச் சுற்று. திங்கள் இரவு குடும்ப இல்ல மாலைக்கு அதிலிருந்து ஒரு பத்தி போதும்: ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அந்தப் பத்தி, கொஞ்சம் சுண்டல். அரை மணிக்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் நழுவிவிடும். மாமியாரையும் உட்காரச் சொல்லுங்கள், வற்புறுத்தாமல்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். நம்மூர் விரதம் போல பால், பழம் கிடையாது, தண்ணீரும் இல்லை. சனி மதியம் சாப்பிட்டால் சனி இரவும் ஞாயிறு காலையும் விட்டு ஞாயிறு மதியம் முடிக்கலாம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு நோக்கத்தோடு ஜெபம். அந்த ஜெபம் இல்லாவிட்டால் அது வெறும் பட்டினி. விட்ட இரண்டு வேளைச் சாப்பாட்டின் மதிப்பாவது உபவாசக் காணிக்கை. அது ஏழைகளுக்கு, தசமபாகம் வேறு. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் இருக்க வேண்டியதில்லை. முந்தினநாள் முழுக்க வெயிலில் நட்டவர்களும் உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குடந்தை_வாசகன் எழுதியது:

கும்பகோணத்துக்காரனிடம் காபியை விடச் சொல்லி யோசனை கேட்பது கொஞ்சம் அநியாயம் 🙂

காபியை விலக்கும் விதிக்கு ஞான வார்த்தை என்று பெயர். அது கோட்பாடும் உடன்படிக்கைகளும் நூலின் 89-ஆம் பிரிவு, 1833-ல் வந்தது. அதிலுள்ள சூடான பானங்கள் என்பதற்கு சபை தரும் பொருள் காபியும் தேயிலையும். கிரீன் டீ, ஐஸ் டீ, கோல்ட் காபி எல்லாம் அதில் அடக்கம். சூடு பிரச்சினை இல்லை. சுக்கு, துளசி, ஆவாரம்பூ தடையில்லை.

தலைவலி காஃபின் நின்றதால் வருவது. கடைசி டம்ளருக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், இரண்டாம் நாள் உச்சம், ஒரு வாரம் போல இருக்கும். ஞானஸ்நானத்தின்போதே ஒத்துக்கொண்டதுதான் என்பதால் நாள் கடத்த வேண்டாம். நடவுக்கு நடுவில் இந்தத் தலைவலியைத் தாங்குவது கஷ்டம், வேலை இல்லாத வாரத்தில் முடித்துவிடுங்கள். நிறையத் தண்ணீர், இரவில் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம்.

மாற்றுக்கு: தனியா 100 கிராம், சுக்கு 50 கிராம், ஏலக்காய் ஐந்து, மிளகு ஒரு ஸ்பூன், லேசாக வறுத்துப் பொடியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன், ஐந்து நிமிஷம் கொதி, கருப்பட்டி. கருப்பட்டியோடு கொதிக்கையில் பால் ஊற்றினால் திரியும், இறக்கி வடிகட்டிய பிறகு ஊற்றுங்கள். கடைச் சுக்குக் காபியில் சிலர் காபித்தூள் கலப்பார்கள், கேட்டு வாங்குங்கள். வயலுக்கு வரும் டீ கேனுக்கு நீர்மோர்தான் பதில்.

வெண்ணாறு:

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும். ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று எப்படித் தெரியும்? சிலர் நெஞ்சு சூடாகும் என்கிறார்கள், எனக்கு அப்படி எதுவும் இல்லை.

கடைமடை:

அது கோட்பாடும் உடன்படிக்கைகளும் 9:8-ல் ஜோசப் ஸ்மித்துக்கு எழுத்தராக இருந்த ஆலிவர் கௌட்ரிக்கு, மார்மன் புஸ்தக மொழிபெயர்ப்புக் காலத்தில் மொழிபெயர்ப்பு விஷயமாகக் கர்த்தர் சொன்னது. எல்லாருக்கும் எப்போதும் அதுதான் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. அதே ஆலிவருக்கு 6:23-ல் மனதில் சமாதானம் தந்தேனே, அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று கேட்கிறார். 8:2-ல் மனதிலும் இருதயத்திலும் சொல்வேன் என்கிறார். ஆகவே தெளிவான ஒரு யோசனை, ஒரு அமைதி, செய்யத் துணிவு, இவையும் பதில்தான். முதலில் நீங்களே யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, "இது சரியா?" என்று கேளுங்கள்; 9-ஆம் பிரிவின் கண்டிப்பே யோசிக்காமல் கேட்டதற்குத்தான். முடிவு தவறென்றால் மனம் மந்தமாகி, எண்ணம் நழுவிவிடும் என்று அடுத்த வசனம் சொல்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் நோட்டில் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு, தெரிந்த நல்லதைச் செய்துகொண்டிருங்கள்.