டுரான்ட் ஓக்லஹோமாவை விட்டுப் போனது ஆட்டத்தோட அழகுக்காகவாம்!

பேங்க்‌ஷாட் பாலா:
நேத்து ஒரு மேதை எழுதிட்டுப் போயிருக்கார்: 2016ல பாஸ்கெட்பால் ஸ்டார் கெவின் டுரான்ட், அமெரிக்காவோட என்.பி.ஏ. லீக்ல ஓக்லஹோமா தண்டரை விட்டு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் போனது சாம்பியன் மோதிரத்துக்காக இல்லையாம், பந்து கை மாறி மாறிப் போற அந்த அழகான ஆட்டத்துக்காகவாம். அய்யா, அந்த வருஷம் வாரியர்ஸுக்கு எதிரா ஏழு மேட்ச் பிளேஆஃப் சீரிஸ்ல தண்டர் 3-1ன்னு முன்னாடி இருந்தது. கேம் 6, சொந்த ஊர், நாலாவது குவார்ட்டர் ஆரம்பிக்கும்போது 8 பாயின்ட் லீட். அந்த மேட்ச்ல துரை போட்டது 31 ஷாட்டு, உள்ள விழுந்தது 10. அதுக்கப்புறம் கேம் 7ம் போச்சு. அஞ்சே வாரம். ஜூலை 4, எவன் அடிச்சு வீட்டுக்கு அனுப்பினானோ அவன் டீம்லயே போய்ச் சேர்ந்தாச்சு. அதுவும் சீசன்ல 73 மேட்ச் ஜெயிச்ச டீம். இதுல அழகு எங்க இருக்கு?

கேப் கணக்கன்:
ஆசை மட்டும் இருந்தா போதாது, இடம் வேணும். புது டிவி ஒப்பந்தத்தால சேலரி கேப், அதாவது ஒரு டீம் சம்பளத்துக்குச் செலவழிக்கிற வரம்பு, ஒரே வருஷத்துல 70 மில்லியன் டாலர்லேர்ந்து 94 மில்லியனுக்குக் குதிச்சது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்னு லீக் சொன்னதை வீரர்கள் சங்கம் ஒத்துக்கல. வாரியர்ஸ் ஸ்டார் கரி கணுக்கால் பிரச்சினையில இருந்தப்போ 2012ல மலிவா போட்ட 4 வருஷம் 44 மில்லியன் ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கிட்டிருந்தது. பார்ன்ஸை விட்டாங்க, போகட்டை டல்லாஸுக்குத் தள்ளினாங்க, இடம் கிடைச்சது. வேற எந்த வருஷமா இருந்தாலும் இந்தப் பேச்சே இல்ல.

பேங்க்‌ஷாட் பாலா:
ஆடிட்டர் சார் வந்துட்டார். இடம் எப்படி வந்துச்சுன்னு யார் கேட்டா? ஏன் போனான்னு கேட்டேன். 31க்கு 10. அதுக்குப் பதில் சொல்லுங்க.

கேப் கணக்கன்:
அதே மேட்ச்ல தண்டரோட இன்னொரு ஸ்டார் வெஸ்ட்புரூக் 27க்கு 10. கடைசி நிமிஷங்கள்ல பந்தை வரிசையா எதிராளி கையில கொடுத்ததும் அவர்தான். அந்தப் பக்கம் வாரியர்ஸோட கிளே தாம்சன் 11 த்ரீ (மூணு பாயின்ட் ஷாட்) போட்டு 41 பாயின்ட், அதுல 19 கடைசி குவார்ட்டர்ல. டுரான்ட் ஒருத்தர் தலையிலயே ஏன் கட்டுறீங்க?

பேங்க்‌ஷாட் பாலா:
வெஸ்ட்புரூக் கிளே வீட்டுக்குக் குடி போகலையே! அங்கயேதான இருந்தான்? ரிசல்ட் வந்த கையோட ஜெயிச்ச கட்சிக்குத் தாவுற எம்.எல்.ஏ. கூட "தொகுதி நலன்"னு ஒரு பேச்சுக்காவது சொல்வான். இவர் "என் அடுத்த அத்தியாயம்"னு கட்டுரை போடுறார்.

கிங் 23:
லெப்ரான் ஜேம்ஸ் 2010ல கிளீவ்லாண்டை விட்டு மயாமி போனப்போ இதே பாலா அண்ணன் என்னென்ன பேசினார்னு எனக்கு ஞாபகம் இருக்கு. இப்போ டுரான்ட். நாளைக்கு இன்னொருத்தன். உங்களுக்கு யார் இடம் மாறினாலும் வயிறு எரியுது.

பேங்க்‌ஷாட் பாலா:
தம்பி, லெப்ரான் தன்னை அடிச்ச பாஸ்டன்ல போய்ச் சேரல. வித்தியாசம் புரியலன்னா ஓரமா உக்காந்து வேடிக்கை பாரு. 31க்கு 10.

கிங் 23:
டிவியில ஒரு மணி நேரம் உக்காந்து அறிவிச்சதைத் திட்டினீங்க, இவர் அமைதியா எழுதினதையும் திட்டுறீங்க. எப்படித்தான் போகச் சொல்றீங்க, பின்வாசல் வழியாவா?

நேரு ஸ்டேடியம்:
பிள்ளைகளா, ஹார்டன் கதையை யாருமே தொடலையே. தண்டர் 2012ல ஃபைனல்ஸ் ஆடின டீம். டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன், இபாகா, எல்லாம் இளந்தாரிங்க. சில மில்லியன் பேரத்துல ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினாங்க. 2016ல புது வீரர்களை எடுக்கிற டிராஃப்ட் அன்னிக்கு இபாகாவையும் ஆர்லாண்டோவுக்கு வித்தாங்க. முதலாளி கையைச் சுருக்கும்போது ஆட்டக்காரன் மட்டும் விசுவாசமா இருக்கணுமா?

பேங்க்‌ஷாட் பாலா:
பெரியவரே, இபாகாவைக் கொடுத்து வாங்கினது ஓலடிப்போவும் சபோனிஸும். சும்மா தாரை வார்க்கல. அப்புறம், ஹார்டன் போய் நாலு வருஷம் கழிச்சா கோபம் வந்துச்சு? 3-1 வரைக்கும் வந்த டீம்ல ஆள் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. ஆள் இருந்தான், 31ல 10தான் போட்டான்.

கேப் கணக்கன்:
பணம்னா ஓக்லஹோமாவுலயும் முதல் வருஷம் அதே சம்பளம்தான், வருஷா வருஷம் ஏத்தம் இன்னும் அதிகமா கொடுத்திருக்கலாம். 2017ல வாரியர்ஸ்ல வேணும்னே குறைச்சு 25 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார், இகுடாலாவையும் லிவிங்ஸ்டனையும் வெச்சுக்கணும்னு. ஆக பணத்துக்காகப் போகல.

பேங்க்‌ஷாட் பாலா:
பணத்துக்குப் போனான்னு நான் எந்த வரியில சொன்னேன்? காட்டுங்க. சொல்லாததுக்கெல்லாம் பதில் சொல்லுவீங்க, சொன்னதுக்குச் சொல்ல மாட்டீங்க. எப்பவும் இதே வேலை. போன பிளேஆஃப்லயும் இப்படித்தான் பேச்சை மாத்திட்டு ஓடினீங்க.

கேப் கணக்கன்:
ஓடினது யாருன்னு ஊருக்கே தெரியும். ஹாம்ப்டன்ஸ்ல டுரான்டைப் பார்க்க வாரியர்ஸோட கரி, கிளே, டிரேமண்ட், இகுடாலா நாலு பேரும் நேர்ல வந்து உக்காந்து பேசினாங்க. ஆடின காலத்துல ஃபைனல்ஸ்ல எட்டு தடவை தோத்த பழைய ஜாம்பவான், அப்போ வாரியர்ஸ் நிர்வாகத்துல இருந்த ஜெர்ரி வெஸ்ட் போன் போட்டார். பெரிய பேர் எடுத்தவங்க "நீ வா, பந்தைப் பகிர்ந்துக்கலாம்"னு கூப்பிட்டா எவனுக்கும் மனசு அசையும். அதுவும் ஒரு காரணம்தான்.

பேங்க்‌ஷாட் பாலா:
டிரேமண்டா? அந்த வருஷ ஃபைனல்ஸ்ல கேம் 5 ஆடக்கூடாதுன்னு உக்கார வெச்ச ஆளு. 3-1லேர்ந்து அவங்களும் கிளீவ்லாண்ட்கிட்ட தோத்தவங்க. தோத்தவனும் தோத்தவனும் சேர்ந்து ஆறுதல் சொல்லிக்கிட்டாங்க, சந்தோஷம்.

ஸ்கார்பரோ சுதன்:
அண்ணை, ரெண்டு மோதிரம், ரெண்டு தரமும் ஃபைனல்ஸ் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்). 2017ல பிளேஆஃப்ல 16 வெற்றி, 1 தோல்வி. முடிவு சரியெண்டுதானே அர்த்தம்? 2019ல இஞ்ச டொராண்டோவில கேம் 5ல குதிக்கால் நரம்பு அறுந்து விழேக்க சனம் கொஞ்சம் கை தட்டினது, அப்ப டொராண்டோவுக்கு ஆடின லவ்ரியும் இபாகாவும் நிப்பாட்டச் சொல்லிக் கை காட்டினவை. பழைய டீம்காரன் இபாகாவுக்கே கோவம் இல்லை, உங்களுக்கு என்ன?

பேங்க்‌ஷாட் பாலா:
கை தட்டின ஊர்க்காரர் எனக்குப் பாடம் எடுக்கிறார்!

ஸ்கார்பரோ சுதன்:
நான் தட்டேல்லை. எழுத முதல் வாசியுங்கோ.

கிங் 23:
2017 பிப்ரவரியில ஓக்லஹோமா போனப்போ பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ண கப்கேக் படம் போட்ட சட்டையில வந்து கத்தினாங்க. 34 பாயின்ட் போட்டுட்டு ஜெயிச்சுட்டு வந்தார். அதுக்கு என்ன சொல்றீங்க அண்ணே?

பேங்க்‌ஷாட் பாலா:
பக்கத்துல கரியும் கிளேயும் நின்னா நானே 34 போடுவேன். அதே வருஷம் செப்டம்பர்ல ட்விட்டர்ல வேற யாரோ எழுதுற மாதிரி தன்னையே "அவர்"னு எழுதி, தண்டர் கோச் டோனவன் பிடிக்கல, அந்த நிர்வாகம் பிடிக்கலன்னு உளறிட்டு மன்னிப்பு கேட்டாரே, அதைச் சொல்லு. அழகான ஆட்டமாம்!

கேப் கணக்கன்:
பார்த்தீங்களா, காரணத்தை நீங்களே சொல்லிட்டீங்க. நிர்வாகம் பிடிக்கல. நான் கிளம்புறேன்.

பேங்க்‌ஷாட் பாலா:
கிளம்புறதுக்கு முன்னாடி 31க்கு 10க்கு ஒரு வரி.

நேரு ஸ்டேடியம்:
பாலா, உன்கிட்ட பேசறதுக்கு வெஸ்ட்புரூக்கை பாஸ் போடச் சொல்லலாம்.

பேங்க்‌ஷாட் பாலா:
வெஸ்ட்புரூக் அந்த மேட்ச்ல 11 அசிஸ்ட், அதாவது கூட ஆடுறவன் கூடை போடக் கொடுத்த பாஸ். பெரியவர் மேட்ச் பார்க்கவே இல்லன்னு தெரிஞ்சு போச்சு. சரி, கேப் கணக்கன் கிளம்பினதும் கிங் 23யும் காணாம போயிட்டாரே? எப்பவும் இவங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்க, சேர்ந்துதான் போவாங்க. டுரான்ட் மாதிரி ரெண்டு அக்கவுன்ட் யாராவது வெச்சிருக்கீங்களா?

கிங் 23:
சாப்பிடப் போனேன் அண்ணே. உங்களுக்குத்தான் வேற வேலை இல்ல.