டெக்சாஸில் ஆன்லைன் போக்கர், மாட்டிக்கொண்ட பணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நியூஜெர்சியில் என்னோடு இருந்தவரை என் தம்பி மாநில உரிமம் பெற்ற தளத்தில்தான் போக்கர் (பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம்) ஆடினான். ஜெயித்த பணம் ஒழுங்காக வங்கிக்கு வந்துவிடும். வேலை மாறி டெக்சாஸில் இருக்கும் டாலஸ் போனதும் அதே ஆப் இருப்பிடத்தைப் பார்த்துவிட்டு ஆட விடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 600 டாலர் போட்டான். இப்போது கணக்கில் 1,140 காட்டுகிறது. எடுக்கப் போனால் ஐந்து வாரமாக "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான். டிரைவர் லைசென்ஸை மூன்று முறை படம் பிடித்து அனுப்பிவிட்டான். எனக்கு அதுதான் பெரிய பயம்.

2013-ல் நெவாடா, டெலாவேர், நியூஜெர்சி, 2019-ல் பென்சில்வேனியா, 2021-ல் மிச்சிகன் என்று மாநிலம் மாநிலமாகத்தான் உரிமம் பெற்ற ஆன்லைன் போக்கர் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பி, ஆடும் நேரத்தில் அந்த மாநில எல்லைக்குள் இருந்தால் போதும், வீடு எங்கே என்று பார்ப்பதில்லை. நியூஜெர்சித் தளம் என்றால் மாநிலச் சூதாட்ட அமலாக்கப் பிரிவில் புகார் கொடுத்திருப்போம். டெக்சாஸில் உரிமம் பெற்ற தளமே கிடையாதே, யாரிடம் போவது?

கார்டு கம்பெனியில் முறையிட்டு யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறீர்களா? எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்தில் எழுதினால், எச்1பி விசாவில் இருக்கும் அவனுக்குப் பின்னால் சிக்கல் வருமா? பழைய நியூஜெர்சிக் கணக்கில் மிச்சமிருக்கும் 85 டாலரை டாலஸில் இருந்தே எடுக்கலாமா?

அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பையன் சரியாகத் தூங்கியே பல நாள் ஆகிறது.