படுக்கும் முன் தேன் சாப்பிட்டால் நடுஇரவு விழிப்பு நிற்குமா?

கேள்வி: குரோம்பேட்டை வாசகி

என் அம்மாவுக்கு வயது 61. இரவு பத்து மணிக்குப் படுத்தவுடன் உறங்கிவிடுகிறார். ஆனால் நள்ளிரவு தாண்டி இரண்டு, இரண்டரை மணி வாக்கில் விழிப்பு வந்துவிட்டால், வாசலில் ஆவின் பால் பை வந்து விழும் வரை புரண்டு புரண்டு படுக்கிறார். படுக்கும் முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் ஒரு மேசைக்கரண்டி தேன் கலந்து கொடுக்குமாறு உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். இரவில் கல்லீரலில் உள்ள சர்க்கரை தீர்ந்துவிடுவதால்தான் மூளை நம்மை எழுப்புகிறது என்றும், தேன் அந்தக் குறையை நிரப்புகிறது என்றும் அதில் எழுதியிருக்கிறது. இது உண்மையா? அம்மா ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சென்ற ஆண்டு பரிசோதனையில் சொன்னார்கள். வீட்டில் என் தம்பியின் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறது. அதற்கும் நாக்கில் துளி தேன் தடவினால் நன்றாகத் தூங்கும் என்று பாட்டி சொல்வதால், இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

பதில்: மயிலாப்பூர்வாசி

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பாலும் தேனும் உண்டு. என் மாமனார் அது இல்லாமல் படுக்கைக்குப் போகமாட்டார். பலன் தேனாலா, பாலின் இளஞ்சூட்டாலா, தினமும் அதே நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காரும் பழக்கத்தாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. கொதிக்கும் பாலில் மட்டும் தேனை ஊற்றாதீர்கள், மணம் போய்விடும்.

பதில்: அண்ணாநகர், ஓய்வுபெற்ற உணவியலாளர்

முதலில் குழந்தையின் விஷயம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை ஒன்றும் செய்வதில்லை. குடல் முதிராத சிசுவிடமோ அவை முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே பாதிக்கக்கூடும். வீட்டில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழியா. சேனை வைப்பதற்கும், உரைமருந்து இழைப்பதற்கும் தேன் எடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு என்பதால், பாட்டியிடம் இதை யாராவது பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் கணக்கு. வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஏறக்குறைய 100 கிராம் கிளைகோஜனை, அதாவது சர்க்கரையின் சேமிப்பு வடிவத்தை, சேமித்து வைத்திருக்கும். இரவு முழுவதும் மூளைக்குக் குளுக்கோஸ் தேவைப்படுகிறது என்பது சரி. ஆனால் இரவு உணவு உண்டு படுத்த ஒருவருக்கு அந்தச் சேமிப்பு நடுஇரவில் வறண்டுவிடுவதில்லை. அது குறையக் குறையக் கல்லீரல் அமினோ அமிலங்கள் முதலியவற்றிலிருந்து குளுக்கோஸைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அப்படி இல்லையென்றால் ஏகாதசி விரதம் இருப்பவர் எவரும் அன்றிரவு கண்ணயர முடியாது.

இன்னொரு வாதமும் உண்டு. இனிப்பு இன்சுலினைத் தூண்டும், அதனால் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் மூளைக்குள் எளிதாகச் செல்லும், அது செரோடோனினாகவும் பிறகு உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோனாகவும் மாறும் என்பார்கள். இந்த வழி உடலில் இருப்பது உண்மையே. சிட்னியில் 12 ஆண்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் அரிசிச் சோற்றைப் படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பு உண்டபோது உறக்கம் சற்று விரைவாக வந்தது. ஆனால் கண்ணயர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில் கண்ட பலன் அது. உங்கள் அம்மாவுக்கோ படுத்தவுடன் தூக்கம் வந்துவிடுகிறது. நடுவில் கலைவதுதான் சிக்கல். மேலும், இட்லியும் ரசம் சாதமும் இரவு உணவாக உள்ள வீட்டில் அந்த வேலைக்குத் தனியாகத் தேன் எதற்கு? இதே தர்க்கத்தின்படி சென்னையில் தூக்கமின்மையே இருக்கக்கூடாது.

தேனுக்கு இந்தப் பெயர் வந்ததற்கு இருமலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 குழந்தைகளிடமும், 2012இல் இஸ்ரேலில் ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள 300 குழந்தைகளிடமும் ஆய்வுகள் நடந்தன. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேன் கொடுத்தபோது இரவு இருமல் குறைந்தது. குழந்தையும் பெற்றோரும் நன்றாக உறங்கினார்கள். தொண்டை அடங்கியதால் வந்த தூக்கம் அது. இருமலே இல்லாத ஒருவருக்கு அதே பலனை எதிர்பார்க்க இதில் இடமில்லை.

ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. எல்லைக்கோட்டில் இருப்பவர் அதைத் தினமும் இரவில் சேர்த்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில்: தாம்பரம் அன்பர்

சித்த மருத்துவத்தின் பக்கத்திலிருந்து ஒரு சொல். அங்கே தேன் பெரும்பாலும் அனுபானம், அதாவது மருந்தை உடலுக்குள் கொண்டு சேர்க்கும் துணைப்பொருள். உறக்கத்திற்கென்று அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணத்தைப் பாலிலோ தேனிலோ கொடுப்பார்கள், மருந்து அமுக்கராவே. இங்கே தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிகள் பிரிவில் காட்டலாம். நாட்டுமருந்துக் கடையில் தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அமுக்கரா ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது என்பதால், அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

பாட்டியிடம் பேசிவிட்டேன், முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் ஒப்புக்கொண்டார். அம்மாவிடம் விசாரித்தபோது, சிறுநீர் கழிக்கவே எழுந்திருப்பதாகவும், அதன்பின் தூக்கம் கூடுவதில்லை என்றும் சொன்னார். ரத்த அழுத்த மாத்திரையை இரவு உணவுக்குப் பின் சாப்பிடுகிறார். மாலை ஆறரைக்கு ஒரு காபியும் உண்டு. தேன் வாங்குவதென்றால் எதை நம்பி வாங்குவது?

பதில்: அண்ணாநகர், ஓய்வுபெற்ற உணவியலாளர்

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவள் நான். இரவில் சிறுநீருக்கு எழுவது சர்க்கரை ஏறியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள், 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருக்கும். அம்மாவின் மாத்திரை அந்த வகையா, காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரையே கேளுங்கள்; நீங்களாக மாற்ற வேண்டாம். காபியை நான்கு மணிக்கு முன் முடித்துக்கொள்ளட்டும், ஏனெனில் குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் பால் என்பதே, சிறுநீருக்காக எழுபவருக்கு எதிரான யோசனை.

தேன் குறித்து: டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சிஎஸ்இ) என்ற தன்னார்வ ஆய்வு அமைப்பு 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 வணிகப் பெயர்களில் 10, கலப்படச் சர்க்கரைப்பாகை நுட்பமாகக் கண்டறியும் என்எம்ஆர் என்ற ஆய்வகப் பரிசோதனையில் தேறவில்லை. அவற்றில் பல வழக்கமான சோதனைகளைத் தாண்டியவை; ஆகவே தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். அக்மார்க் முத்திரையைப் பாருங்கள். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர் யாரேனும் தெரிந்திருந்தால் அவரிடமே வாங்குங்கள். பரிசோதனை முடிவு வந்து மருத்துவரும் சம்மதித்தால், ஒரு தேக்கரண்டி மட்டும், இரவு உணவோடு சேர்த்து. அதன்பின் பல் துலக்கிவிட்டுப் படுக்கட்டும். உறக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால், வாயில் தங்கும் இனிப்பு பற்களைத்தான் முதலில் கெடுக்கும்.