வெல்டிங் பயிற்சி ஹெல்மெட்டுக்குள் மூக்குக்கண்ணாடி: யாராவது சரிசெய்திருக்கிறீர்களா?

வெல்டிங் ஆசிரியர், திருச்சி

தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் வெல்டிங் கற்றுக்கொடுக்கிறேன். எங்களிடம் மெய்நிகர் பயிற்சிக் கருவி ஒன்று இருக்கிறது. பொறியும் கிடையாது, புகையும் கிடையாது. கையில் வெல்டிங் டார்ச், தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் கண்ணுக்கு நேராக இரண்டு சிறிய திரைகள். வகுப்பில் 22 பேர். அவர்களில் 7 பேர் கண்ணாடி அணிபவர்கள்.

சென்ற வாரம் ஒரு மாணவியின் பீட் (உருகிப் படியும் உலோக வரி) பாம்பு போல வளைந்து வளைந்து போனது. அவள் நல்ல கைக்காரி. ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னேன். கண்ணாடி மேல்சட்டைப் பையில் இருந்தது. "அழுத்துகிறது சார், திரைதான் பக்கத்திலேயே இருக்கிறதே" என்றாள். பவர் மைனஸ் 3. கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும்தானே? பிறகு ஏன் மங்குகிறது?

எனக்கும் ஒரு குறை. வயது 49, புரோகிரசிவ் கண்ணாடி (ஒரே லென்ஸில் மேலே தூரத்துக்கு, கீழே படிக்க). வெல்டிங் இணைப்பைக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தால் மங்கல். தலையைத் தாழ்த்தி நேராகப் பார்த்தால் தெளிவு. காரணம் புரியவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர்

ஐயா, இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில் இருந்தாலும், நடுவில் இருக்கும் லென்ஸ் அந்தப் படத்தைத் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் அது ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாகவே கண்ணுக்குப் படும். மைனஸ் 3 கண்ணுக்கு, கண்ணாடி இல்லாமல் தெளிவு 33 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். அந்தப் பெண் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

உங்களுக்கு வெள்ளெழுத்து. இணைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும், கீழே பார்க்கும்போதும் படம் அதே இரண்டு மீட்டரில்தான் நிற்கிறது. நீங்களோ லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாக, படிக்கும் பவரில் பார்க்கிறீர்கள். அதனால்தான் மங்கல். தூரத்தைப் பார்க்க மட்டும் ஒரே பவரில், உயரம் குறைந்த சிறிய பிரேமில் ஒரு ஜோடி செய்துகொள்ளுங்கள். தூரத்துக்குப் பவரே இல்லையென்றால் அதுவும் வேண்டாம். வெறும் கண்ணே போதும்.

கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்து வையுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74 மி.மீ. வரை இருக்கும். ஒருவருக்கு வைத்த லென்ஸ் இடைவெளியிலேயே 22 பேரும் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும்.

விமான மின்னணுவியல் ஆர்வலர்

அப்பாச்சி ஹெலிகாப்டர் விமானிகளுக்கும் இதே தொல்லை இருந்தது. வலக்கண் முன் படம் காட்டும் ஒற்றைக் காட்சிக் கண்ணாடி; காட்சிப்பரப்பு 40க்கு 30 பாகை. மூக்குக்கண்ணாடி குறுக்கே வந்தால் காட்சிக் கண்ணாடி விலகி நிற்கும், படத்தின் ஓரங்கள் மறையும். வலது லென்ஸின் கீழ்ப்பகுதியை வெட்டிய கண்ணாடிகள் செய்து பார்த்தார்கள், கான்டாக்ட் லென்ஸும் சோதித்தார்கள்.

அங்கிருந்து ஒரு பாடம். உங்கள் கருவியில் ஃபோகஸ் திருகு இருந்தால் பிளஸ் பக்கத்து முனையிலிருந்து மெல்லத் திருப்புங்கள். தெளிந்த உடனே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் மைனஸ் பக்கம் போனாலும் இளம் கண் இழுத்துப் பிடித்துத் தெளிவாகவே காட்டும், ஆனால் அரைமணியில் களைத்துவிடும்.

வெல்டிங் ஆசிரியர், திருச்சி

நன்றி ஐயா, நன்றி தம்பி. இன்று செய்து பார்த்தேன். பின்பட்டையை முழுவதும் தளர்த்தி, முன்பக்கத்தை முதலில் முகத்தில் பதித்து, பிறகு பின்னால் இறக்கினால் கண்ணாடிக் காம்பு மடங்குவதில்லை. நெற்றிப் பஞ்சுக்குப் பின்னால் 6 மி.மீ. தடிமனில் இன்னொரு பஞ்சு வைத்தேன்; மூக்கில் பதிந்த சிவப்புத் தடம் இல்லை, கண்ணாடியும் உள்லென்ஸில் உரசவில்லை. படத்தின் விளிம்பு கொஞ்சம் குறைகிறது, பரவாயில்லை.

ஒவ்வொருவரின் கண்மணித் தூரத்தையும் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே எழுதிவிட்டேன். அந்த மாணவிக்கு 57. இன்று கண்ணாடியோடு உட்கார்ந்தாள். மூன்றாவது பீட் நேராக விழுந்தது.